நல்ல மனசுள்ள டயர்

குளிர்கால டயர் வாங்கும்போது எல்லோரும் பனியைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டியது குளிரைப் பற்றி. பனி கண்ணுக்குத் தெரியும். தெரிகிற எதையும் மனிதன் எப்படியாவது சமாளித்துவிடுவான். குளிர் அப்படியில்லை. வெயில் அடிக்கும், சாலை காய்ந்து கிடக்கும், ரப்பர் மட்டும் உள்ளுக்குள் கல்லாகிக்கொண்டிருக்கும். உங்கள் வண்டியை வாசலில் பார்த்தேன், திருமதி கோகெல். நல்ல டயர்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் முன்பக்கம் இரண்டும் தேய்ந்திருக்கின்றன. ஈஸ்டர் வரை ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள்.

காபிக்கு நன்றி. சர்க்கரை வேண்டாம்.

எதற்கு வந்தேன் என்று கேட்டீர்கள். ஜூடித் ஃபோல்ராத்தின் சாவை விபத்து என்று எழுதிப் போலீசில் நீங்கள் மூடப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ரீட்பெர்க் கணவாயில், வீடு திரும்பும் இறக்கத்தில், வளைவில் வண்டி நேரே போய் ஓடைக்குள் விழுந்தது. ஓட்டியவரின் கவனக்குறைவு என்று உங்கள் நிபுணர் சொல்லியிருக்கிறார். அது தப்பு. அதைத் திருத்தத்தான் வந்தேன். எனக்கு வேறு வேண்டுதல் ஒன்றும் இல்லை.

என் பெயர் ரோன்யா ஹீமர். டயர்களை ஓட்டிப் பார்த்து மதிப்புச் சொல்வது என் வேலை. எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். அப்பா பால் லாரி ஓட்டினார். பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலைச் சேர்த்துப் பாலாடைக்கட்டி ஆலைக்குக் கொண்டுபோகிற லாரி. அம்மா அதே ஆலையில் பொட்டலம் கட்டினாள். நான் கெம்ப்டனில் இயந்திரப் பொறியியல் படித்தேன். நான் படித்ததைப் பற்றி எங்கள் தெருவில் இன்னும் பேசுகிறார்கள். பாராட்டி என்று சொல்ல முடியாது.

ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். எல்லா டயரும் ஒரு கட்டத்தில் கைவிடும். கைவிடாத டயர் உலகத்தில் கிடையாது. ஆனால் நல்ல டயர் கைவிடுவதற்கு முன்னால் சொல்லும். ஸ்டியரிங் லேசாகும். பின்பக்கம் ஒரு நெளிவு நெளியும். உட்கார்ந்திருக்கிற உடம்புக்கு அது தெரியும், காலை எடுக்க நேரம் கிடைக்கும். அப்படிச் சொல்லிவிட்டுப் போகிற டயரை எங்கள் ஆட்கள் ‘நல்ல மனசுள்ள டயர்’ என்பார்கள். எங்கள் தொழிலில் அதற்கு மேல் புகழ்ச்சி இல்லை.

ஜூடித்தின் கணவர் ஹென்னிங் ஃபோல்ராத் எங்கள் டயர் சோதனைக் குழுவின் தலைவர். டாக்டர் பட்டம் வாங்கியவர், வடக்கே ப்ரேமனிலிருந்து வந்தவர். அப்பா நீதிபதி, தாத்தாவும் நீதிபதி. எல்லோரையும் நீ என்று கூப்பிடுவார், எல்லோரும் அவரை நீ என்றே கூப்பிட வேண்டும் என்பார். எனக்கு மட்டும் வாய் வரவில்லை. கடைசிவரை நீங்கள் என்றுதான் சொன்னேன். அது மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஜூடித் சாவதற்கு முந்தைய ஆண்டு குளிர்காலத்தில் நாங்கள் ஸ்வீடனின் வடக்கே லாப்லாந்தில் இருந்தோம். வருஷா வருஷம் போவோம்; உறைந்த ஏரிதான் எங்கள் ஓட்டக்களம். வேகமான கார்களுக்கென்று புதிதாக ஒரு டயர் சோதனைக்கு வந்திருந்தது. மைனஸ் பத்து வரை தங்கம். அதற்குக் கீழே, தேய்ந்து பளபளத்த பனியில், கடைசி நொடி வரை பிடித்துக்கொண்டே இருக்கும். பிறகு சுத்தமாக விட்டுவிடும். நடுவில் எதுவும் இல்லை. நான் பனிச்சுவரில் போய்ச் செருகினேன். மறுபடி ஓட்டினேன், மறுபடி செருகினேன். சோதனை அறிக்கையில் என் கருத்தாக ஒரே வாக்கியம் எழுதினேன்: ‘கடுங்குளிரில் இந்த டயர் சொல்லாமல் கொள்ளாமல் கைவிடும்.’

மதியச் சாப்பாட்டு மேஜையில் ஹென்னிங் அதை உரக்கப் படித்தார்.

“சொல்லாம கொள்ளாமக் கைவிடுமாம். ஏம்மா ரோன்யா, இது டயரா, உன் பழைய காதலனா?”

சிரித்தார்கள். நான் சொன்னேன், “டயர்தான். கருவி பிரேக் தூரத்தைச் சொல்லும். பிடி விடற விதத்தைச் சொல்லாது. அது உக்காந்து ஓட்டறவங்களுக்குத்தான் தெரியும்.”

“உக்காந்திருக்கிற இடத்துலதானே தெரியும்? அந்த மீட்டருக்கு முத்திரை குத்தியிருக்கா? எந்த ஆபீஸ்ல குத்திக் குடுத்தாங்க?”

பிட்டத்தால் அளக்கிற மீட்டர் என்பது எங்கள் எல்லோருக்கும் பழகிப்போன கேலிதான். அதைப் பற்றி ஒன்றுமில்லை. பிறகு அவர், “நாலு தடவை சறுக்கினதை வச்சு ஒரு டயரையே குத்தம் சொல்றது பால்காரிக் கணக்கு” என்றார்.

உங்களுக்கும் தெரியும், அரைகுறைக் கணக்கை நாம் பால்காரிக் கணக்கு என்கிறோம். யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். ஆனால் அந்த மேஜையில் இருந்த எல்லோருக்கும் என் அப்பா என்ன லாரி ஓட்டினார் என்று தெரியும். முதலில் ஒருவன் சிரித்தான். எதற்குச் சிரிக்கிறான் என்று புரிந்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். ஹென்னிங்குக்குக் கடைசியாகத்தான் புரிந்தது. அவர்தான் எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தார். நானும் சிரித்தேன். பட்டாணி சூப் ஆறிக்கொண்டிருந்தது, அதைக் குடித்து முடித்தேன்.

சாயங்காலம் என் வாக்கியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘நல்ல மனசுள்ள டயர்’ என்று போட்டார். கீழே என் பெயரை அப்படியே விட்டுவைத்தார். டயர் கடைக்கு வந்தது. அந்த மூன்று வார்த்தை விளம்பரத்திலும் வந்தது. அடுத்த குளிர்காலத்துக்கு லாப்லாந்துக்குப் போகிறவர்களில் என் பெயர் இல்லை. “நீ ரொம்ப உணர்ச்சிவசப்படற. இந்த வருஷம் ஆபீஸ்ல இருந்து கணக்கைப் பாரு” என்றார்.

இதெல்லாம் கோபத்தில் சொல்வதாக நீங்கள் நினைக்கலாம். நான் கோபப்படுகிற ஆள் இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அக்டோபரில் அவர் என் மேஜைக்கு வந்தார். அக்டோபர் பிறந்தால் ஈஸ்டர் வரை குளிர்கால டயர் என்பது நம் பக்கத்துப் பழக்கம், அதற்காகத்தான்.

“ரோன்யா, என் வண்டிக்கு டயர் நீயே பாத்துச் சொல்லேன். உன்னை விட்டா இங்க யாருக்குத் தெரியும்?”

கேலி செய்யவில்லை. நிஜமாகத்தான் கேட்டார். அடித்தவனுக்கு ஞாபகம் இருப்பதில்லை.

அந்த வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஓடையிலிருந்து தூக்கியபோது. ஐந்நூறு குதிரைத்திறன். இழுப்பு முழுக்கப் பின்சக்கரத்தில். அந்த மாதிரி வண்டிக்கு டயர் தேர்ந்தெடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அகலம் கூடினால் பனியில் மிதக்கும். ரப்பர் மென்மையானால் குளிரில் பிடிக்கும், ஆனால் வேகம் தாங்காது. வேகம் தாங்குவதற்காகக் கெட்டியாக்கினால் குளிரில் கைவிடும். எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

முதலில் நான் நியாயமான டயரைத்தான் சொன்னேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் ஒல்லி, கொஞ்சம் மென்மை, இந்த மலைக்கு அதுதான் பொருத்தம்.

“ஆனா 240 கிலோமீட்டர் வேகம் வரைக்கும்தான் தாங்கும். ஓட்டறவங்க கண்ணுல படற மாதிரி ஸ்டிக்கர் ஒட்டணும், சட்டம்” என்றேன்.

“முந்நூறு போற வண்டியில 240ன்னு ஸ்டிக்கரா? பந்தயக் குதிரை நெத்தியில மெதுவாப் போகும்னு எழுதி ஒட்டற மாதிரி.”

“பனிக்காலத்துல யாரு 240ல போகப் போறாங்க?”

“போறதைப் பத்தி யாரு பேசினா? பக்கத்துல உக்கார்றவன் பாப்பானே. வேற சொல்லு. ஸ்டிக்கர் இல்லாததா.”

பல ஆண்கள் இந்த ஸ்டிக்கருக்காகவே தப்பான டயர் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு விரல்கடை ஸ்டிக்கர். அது இல்லாமலிருக்க எவ்வளவு வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பார்கள்.

ஸ்டிக்கர் தேவைப்படாத டயர்கள் அந்த அளவில் மூன்று இருந்தன. இரண்டு சுமார். மூன்றாவது அந்த டயர். நான் அதன் பெயரைச் சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். லேசாக ஒரு தயக்கம் வந்திருந்தால் போதும். கண் ஒரு நொடி வேறு பக்கம் போயிருந்தால் போதும். மூன்றையும் விட்டுவிட்டு முதல் டயரைத் திரும்பவும் சொல்லியிருப்பேன், வற்புறுத்தியிருப்பேன்.

“ஓ, நம்ம நல்ல மனசுக்காரனா? போட்டுடு” என்றார்.

ஆக, அவர் பொய் சொல்லவில்லை. தான் எழுதியதை அவரே நம்பிவிட்டிருந்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. பொய் சொல்கிறவனிடம் கொஞ்சமாவது உண்மை மிச்சமிருக்கும்.

ஜூடித்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஜூடித் நம் ஊர்க்காரி, மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவள். முதுகு வலி, முட்டி வலிக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை கொடுப்பாள். வாரத்தில் இரண்டு நாள் கணவாயைத் தாண்டி பால்டர்ஷ்வாங் ஹோட்டலுக்குப் போவாள், அங்கே பனிச்சறுக்கி விழுந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. டயர் போட்ட அன்றைக்கு வண்டியைக் கொண்டுபோய் விட நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் பாலாடைக்கட்டி உருகி வழிய காஸ்ஷ்பாட்சன் நூடுல்ஸ் செய்திருந்தாள், மேலே வெங்காயத்தைக் கறுக்க வறுத்துப் போட்டு. என்னை உட்கார வைத்துத் தட்டை நிரப்பினாள்.

“சாப்பிடு பொண்ணே. எலும்பும் தோலுமா இருக்க. அந்த ஆள் உன்னை வேலை வாங்கியே கொன்னுடுவான்.”

“அப்படியெல்லாம் இல்ல ஜூடித்.”

“எனக்கா தெரியாது? நான் அவனோட இருபது வருஷமா குப்பை கொட்டறேன். என் பேச்சையும் பாதியில வெட்டிட்டு, அதையே தன் பேச்சு மாதிரி முடிப்பான். நீ வாயைத் திறந்து திட்டிடு. மனசுல வச்சுக்காத.”

நல்ல பெண். எனக்கு அவள் மேல் எந்த வருத்தமும் இல்லை. அவளைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை இந்தக் காகிதத்தில் வரக்கூடாது.

அவளுடைய பழைய கார் செப்டம்பரிலேயே தகுதிச் சோதனையில் தோற்றுப்போய்ப் பட்டறையில் கிடந்தது. அதனால் ஹென்னிங் ஊரில் இல்லாத நாட்களில் அவருடைய வண்டியைத்தான் எடுத்தாள். பேட்டரி செத்துவிடாமல் இருக்க ஓட்டுவது நல்லது என்று அவரே சொல்லியிருந்தார். ஜனவரி முழுக்கக் குளிர் போதவில்லை. மைனஸ் நாலு, மைனஸ் ஆறு. டயர் அருமையாக ஓடியது. காலையில் எழுந்ததும் நான் ஜன்னலுக்கு வெளியே தொங்குகிற வெப்பமானியைப் பார்ப்பேன். எதிர்பார்த்தேனா என்று கேட்டால், ஆம், எதிர்பார்த்தேன் என்றே எழுதுங்கள்.

பிப்ரவரியில் ஜூடித் போன் செய்தாள்.

“பொண்ணே, நீதான் டயர்க்காரி, உன்கிட்டயே கேட்டுடறேன். நேத்து இறக்கத்துல வண்டி ஒரு மாதிரி இருந்துச்சு. வழுக்கல. ஆனா காலுக்குக் கீழ தரையே இல்லாத மாதிரி. உனக்குப் புரியுதா?”

புரிந்தது, திருமதி கோகெல். லாப்லாந்தில் எட்டுப் பேர் ஓட்டியும் யாருக்கும் புரியாதது, சிகிச்சை செய்கிற ஒரு பெண்ணுக்கு மலை இறக்கத்தில் புரிந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என்னைத் தவிர இன்னொரு ஆளுக்கும் தெரிந்துவிட்டது.

“என் பழைய வண்டி பட்டறையில இருந்து வந்துடுச்சு” என்றாள். “இந்தப் பகட்டு வண்டியை ஷெட்டுல போட்டுட்டு, இனிமே அதையே எடுத்துக்கட்டுமா? அவன்கிட்ட கேட்டா சிரிப்பான்.”

அவளுடைய பழைய வண்டியின் டயர்களை நான் பார்த்திருக்கிறேன். மலிவு, ஒல்லி, மென்மையான ரப்பர். மைனஸ் இருபதிலும் கைவிட்டிருக்காது.

“வேணாம் ஜூடித்” என்றேன். “புது டயர் பழக நாளாகும், அதான் அப்படித் தெரியுது. அந்த வண்டியையே ஓட்டுங்க. அது நல்ல மனசுள்ள டயர்.”

“நீ சொன்னா சரி” என்றாள்.

நான் பொய் சொன்னதாக இதை எழுத முடியாது. அது அதிகாரபூர்வமாக அச்சான வார்த்தை. கீழே என் பெயரும் இருக்கிறது. நாட்டில் யார் கேட்டிருந்தாலும் அந்தப் பதில்தான் கிடைத்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை மைனஸ் பதினாலு. முந்தின நாள் வெயிலில் உருகி மறுபடி இறுகிய பனி, கண்ணாடி மாதிரி. அவளைக் கண்டெடுத்த பனி ஒதுக்கும் லாரிக்காரர், சாலையில் பிரேக் தடமே இல்லை என்று சொன்னாராம். உங்கள் நிபுணர் அதை வைத்துத்தான் கவனக்குறைவு என்கிறார். யோசித்துப் பாருங்கள். பதினெட்டு வயதிலிருந்து அந்தக் கணவாயில் ஏறி இறங்கியவள். பிரேக் தடம் இல்லையென்றால் அவள் கவனிக்கவில்லை என்று அர்த்தமில்லை. பிரேக் போடு என்று அவளுக்கு எதுவும் சொல்லவில்லை என்று அர்த்தம். அதைச் சொல்லியிருக்க வேண்டியது டயர்.

புதைத்த பிறகு விடுதியில் சாவுச் சாப்பாடு வைத்தார்கள். ஹென்னிங் எழுந்து என் மேஜைக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார், கோட்டுப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். பக்கத்தில் மகள் மெர்லே, பதினெட்டு நிறையப்போகிற பெண், யாரையும் பார்க்காமல் நின்றாள். நான் காத்திருந்தேன். இப்போது சொல்வார் என்று நினைத்தேன். அவர் டயர் தெரிந்தவர். வண்டி எப்படிப் போயிருக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஒரே வாக்கியம் போதும் எனக்கு. ரோன்யா, அன்னைக்கு நீ எழுதினது சரி. அவ்வளவுதான்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உன் மேல தப்பே இல்ல ரோன்யா. அதை நினைச்சுக் கஷ்டப்படாத. நீ நல்ல டயராத்தான் போட்டுக் குடுத்த. அவளுக்குத்தான் அந்த வண்டியை ஓட்டத் தெரியல.”

பனியில் பிறந்து பனியில் வளர்ந்தவளை, மகளை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். நான் உருளைக்கிழங்கு சாலட்டைச் சாப்பிட்டு முடித்தேன்.

நீங்கள் அனுதாபமாகப் பார்க்கிறீர்கள். கேட்கத் தயங்குகிற கேள்வியும் எனக்குத் தெரிகிறது: குறி ஹென்னிங்தானே, பாவம் ஜூடித் நடுவில் சிக்கிக்கொண்டாளா என்று. ஆம் என்று நான் சொன்னால் எல்லோருக்கும் கொஞ்சம் லேசாக இருக்கும்.

இல்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஹென்னிங் லாப்லாந்தில் இருப்பார். கடுங்குளிர் மாதங்களில் அந்த வண்டியை அவர் தொடுவதே இல்லை. போகிறவர்களுக்கெல்லாம் விமான டிக்கெட் எடுத்ததே நான்தான், அவருடையதையும் சேர்த்து. அக்டோபரில் என் மேஜை முன்னால் நின்று ‘போட்டுடு’ என்றாரே, அப்போதே எனக்குத் தெரியும், அந்த டயரில் உட்காரப்போவது ஜூடித். அவர் செத்துப்போவதால் எனக்கு என்ன? செத்தவரால் எதையும் ஒப்புக்கொள்ள முடியாது. அவர் உயிரோடு இருக்க வேண்டும். இருந்து பதில் சொல்ல வேண்டும். கேலி செய்து தள்ளிவிட முடியாத ஒரு ஆளை வைத்து அவருக்குப் புரிய வேண்டியிருந்தது. அவருக்கு அப்படி இருந்தது இரண்டே பேர். அதில் ஒருத்திதான் வண்டி ஓட்டுவாள், அப்போது.

எனவே எழுதுங்கள்: ஜூடித் ஃபோல்ராத் கவனக்குறைவால் சாகவில்லை. கடுங்குளிரில் சொல்லாமல் கொள்ளாமல் கைவிடுகிற டயரால் செத்தாள். அது கைவிடும் என்று தெரிந்தே, அவளுக்காகவே, நான் அதைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டாவது வாக்கியத்தை மாற்றாதீர்கள். மற்றதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

முடிந்துவிட்டது என்றால் நான் கிளம்புகிறேன், திருமதி கோகெல். மெர்லேவுக்கு ஒரு சின்ன வண்டி வாங்கியிருக்கிறார் ஹென்னிங். அதற்கு என்ன டயர் போடலாம் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.